சீட்டில் இல்லாத பெயர்கள்

மெம்பிஸ் நகரிலிருந்து கிழக்கே போகும் 57ஆம் எண் நெடுஞ்சாலை காலியர்வில், ராஸ்வில், மாஸ்கோ என்று ஊர் ஊராகத் தொட்டுக்கொண்டு போகிறது. பிப்ரவரி மாதத்துக் காலை. அறுவடை முடிந்த பருத்தி வயல்களில் உறைபனி இன்னும் விலகவில்லை. லா கிரேஞ்ச் என்ற சிற்றூரில் வெள்ளைத் தூண்கள் வைத்த பழைய வீடுகள் நிற்கின்றன. உள்நாட்டுப் போரில், 1863 ஏப்ரலில், வடபடையின் தளபதி கிரியர்சன் தன் குதிரைப்படையோடு மிஸிஸிப்பிக்குள் புகுந்தது இங்கிருந்துதான். அதையும் தாண்டினால் கிராண்ட் ஜங்ஷன் வருகிறது. இரண்டு ரயில் பாதைகள் சந்தித்ததால் பிறந்த ஊர். இன்று சில நூறு பேர்தான் வசிக்கிறார்கள். ஆனாலும் பறவை வேட்டை நாய்களுக்கு உலகத் தலைநகரம் தானே என்று சொல்லிக்கொள்கிறது.

சொல்லிக்கொள்ளக் காரணம் உண்டு. ஊருக்கு வடக்கே ஏம்ஸ் தோட்டம் இருக்கிறது. ஏறத்தாழ 18,600 ஏக்கர். காடும் வயலும் புதரும் கலந்த நிலம். அமெரிக்கப் பறவை நாய்களின் தேசியச் சாம்பியன் போட்டி 1915 முதல் இங்கேதான் நடக்கிறது. பிப்ரவரியில் தொடங்கி இரண்டு வாரம் போலப் போகும்.

"மாமா, இது நாய் ரேஸா?" என்று கேட்டான் காரை ஓட்டி வந்த என் தங்கை மகன். மெம்பிஸில் பல வருடமாக வேலை பார்க்கிறான். எண்பது கிலோமீட்டர் தூரத்தில் இப்படி ஒன்று நடப்பது அவனுக்குத் தெரியாது.

ரேஸ் இல்லை. இரண்டு இரண்டு நாய்களாக அவிழ்த்துவிடுகிறார்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் மூன்று மணி நேரம். காலையில் ஒரு ஜோடி, பிற்பகலில் ஒரு ஜோடி, அவ்வளவுதான் ஒரு நாளைக்கு. நாய் முன்னே ஓடிப் புதர்களுக்குள் பதுங்கியிருக்கும் காடைக் கூட்டத்தை மோப்பத்தால் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்ததும் பாயக் கூடாது. அப்படியே உறைந்து, மூக்கை நீட்டி, வாலைத் தூக்கி நின்று காட்ட வேண்டும். நாயை ஓட்டுபவர் குதிரையில் வந்து இறங்கிக் காடைகளைக் கிளப்பிவிட்டு, வெற்றுத் தோட்டாவால் ஒரு வெடி வெடிப்பார். அப்போதும் நாய் அசையக் கூடாது. கூட ஓடும் நாய் முதலில் கண்டுபிடித்து நின்றுவிட்டால், இது தூரத்தில் இருந்தே அதை மதித்து நின்றுவிட வேண்டும். காடை ஒன்றுகூடச் சாவதில்லை. நடுவர்கள் குதிரைமேல் பின்னாலேயே வருகிறார்கள். அவர்களுக்குப் பின்னே பார்வையாளர்களும் குதிரைகளில்தான்.

எங்கள் இருவருக்கும் குதிரை ஏறத் தெரியாது. எங்களைப் போன்றவர்கள் ஓட்டப் பாதை சாலையைக் குறுக்கிடும் இடங்களில் வண்டியை நிறுத்திக் காத்திருக்கலாம். அப்படிக் காத்திருந்த இடத்தில், பிக்கப் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர். கென்டக்கியிலிருந்து வந்திருந்தார். நாற்பது வருடத்துக்கு மேலாகச் செட்டர் நாய்கள் வளர்க்கிறவர். இந்தியாவிலிருந்து நாய் பார்க்க ஒரு ஆள் வந்திருக்கிறான் என்பதே அவருக்கு வேடிக்கையாக இருந்தது. எங்களுக்கும் காப்பி ஊற்றித் தந்தார்.

தூரத்து மேட்டில் ஒரு வெள்ளைப் புள்ளி சரேலென்று கடந்தது. அதுதான் நாய். நாங்கள் பார்த்தது அவ்வளவே. மூன்று மணி நேரத்தில் இருபத்தைந்து, முப்பது மைல் ஓடிவிடும் என்றார் பெரியவர். பாதி நேரம் கண்ணில் படாது. அதைத் தேடிப் போகவே தனி ஆள் ஒருவர் குதிரையில் உண்டு. மூன்றாவது மணியிலும் முதல் பத்து நிமிடத்தில் ஓடியது போலவே ஓடுகிறதா என்பதைத்தான் நடுவர்கள் பார்ப்பார்களாம்.

வண்டிக்குள் கிடந்த ஒரு தாளை எடுத்துக் காட்டினார். ஓடிக்கொண்டிருந்த நாய்களில் ஒன்றின் வம்சாவளிச் சீட்டு. இடது ஓரத்தில் நாயின் பெயர். அதிலிருந்து அப்பன், ஆத்தாள் என்று இரண்டு கிளை. பிறகு நான்கு, எட்டு, பதினாறு. பல பெயர்களுக்கு முன்னால் சாம்பியன் என்ற குறி. பெயர்களே ஒரு கதை போல இருந்தன. எந்தப் பண்ணையின் நாய், யாருடைய வழி என்பதெல்லாம் பெயரிலேயே தெரிந்துவிடும் என்றார்.

இந்தச் சீட்டு எப்படிப் பிறந்தது என்பதைப் பார்க்க, நெடுஞ்சாலை ஓரத்தில் உள்ள தேசியப் பறவை நாய் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். 1991இல் திறந்தது. ஓவியங்கள், கோப்பைகள், பாடம் செய்த பறவைகள், சாம்பியன்களின் படங்கள். கவுன்ட் நோபிள் என்ற செட்டர் நாயைப் பாடம் செய்து கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். 1880இல் பிரிட்டனிலிருந்து கப்பலில் வந்த நாய். இன்றைய அமெரிக்கச் செட்டர்களின் சீட்டைப் பின்னோக்கிப் படித்துக்கொண்டே போனால் பெரும்பாலும் இதன் பெயரில் போய் முட்டும்.

கதையின் தொடக்கம் பிரிட்டன்தான். 1859இல் நியூகாசிலில் நடந்த முதல் நாய்க் கண்காட்சியில் பாயின்டர், செட்டர் என்ற இரண்டு வேட்டை இனங்கள் மட்டுமே கலந்துகொண்டன. பாயின்டர்களுக்குத் தீர்ப்புச் சொன்னவரின் நாய் செட்டர்களில் பரிசு வாங்கியது. செட்டர்களுக்குத் தீர்ப்புச் சொன்னவரின் நாய் பாயின்டர்களில் வாங்கியது. அழகைப் பார்த்துப் பரிசு கொடுத்தால் இப்படித்தான் ஆகும், நாயை வயலில் ஓடவிட்டுப் பாருங்கள் என்றார்கள் வேட்டைக்காரர்கள். 1865இல் பெட்ஃபோர்டுஷயரின் சவுத்ஹில் பண்ணையில் முதல் களப்போட்டி நடந்தது. 1873இல் கென்னல் கிளப் பிறந்தது. அடுத்த வருடம் அதன் வம்சப் பதிவேடு வெளிவந்தது. அதே 1874 அக்டோபரில் அமெரிக்காவின் முதல் களப்போட்டி நாங்கள் காலையில் கிளம்பி வந்த மெம்பிஸில் நடந்தது. நைட் என்ற கறுப்புச் செட்டர் ஜெயித்தது. பறவை நாய்களுக்கென்று இன்றும் அமெரிக்காவில் தனிப் பதிவேடு இருக்கிறது. சிகாகோவின் அமெரிக்கன் ஃபீல்டு இதழ்க்காரர்கள் நெடுங்காலம் நடத்திவந்த ஃபீல்டு டாக் ஸ்டட் புக் அது.

பதிவேடுகள் வருவதற்கு முன்பே எட்வர்ட் லாவராக் என்ற ஆங்கிலேயர் ஒருவர் செட்டர்களை வளர்த்துக்கொண்டிருந்தார். 1825 வாக்கில் ஒரு பாதிரியாரிடமிருந்து பான்டோ என்ற கடுவனையும் ஓல்டு மால் என்ற பெட்டையையும் வாங்கினார். அந்த இரண்டிலிருந்தே, வெளி ரத்தம் சேர்க்காமல், ஏறத்தாழ ஐம்பது வருடம் இனத்தைப் பெருக்கியதாகச் சொன்னார். 1872இல் செட்டர்களைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். அதை யாருக்குக் காணிக்கையாக்கினாரோ அந்தப் பர்செல் லூவலின் லாவராக்கின் நாய்களை வேறு வழி நாய்களோடு கலந்து களப்போட்டியில் ஜெயிக்கும் புதிய வழி ஒன்றை உருவாக்கினார். கவுன்ட் நோபிள் அந்த வழியில் வந்ததுதான்.

லாவராக்கின் தூய வம்சத்தில் கல்லீரல் நிறக் குட்டிகள் சில பிறந்து பிரச்சினையைக் கிளப்பின. பான்டோவும் மாலும் மட்டுமே மூதாதை என்றால் அந்த நிறம் எங்கிருந்து வந்தது? முப்பது வருடத்துக்கு முன் வேறு ஒரு வழியின் ரத்தத்தைச் சேர்த்தேன் என்று கடைசிக் காலத்தில் ஒரு கடிதத்தில் அவரே எழுதும்படி ஆயிற்று. சீட்டில் மறைத்ததைக் குட்டியின் தோல் சொல்லிவிட்டது.

நெருங்கிய உறவில் இணை சேர்ப்பதற்கு இந்த உலகில் யாரும் கூச்சப்படுவதில்லை. நல்ல நாய் கிடைத்தால் அதன் குணத்தைக் கெட்டிப்படுத்த அதன் பேத்தியோடே சேர்ப்பார்கள். 1922இல் அமெரிக்க விவசாயத் துறையில் இருந்த சூவல் ரைட் என்ற மரபியலாளர் இதற்கு ஒரு கணக்குப் போட்டுக் கொடுத்தார். கூடப்பிறந்த இரண்டைச் சேர்த்தால் 25 சதவீதம், பாட்டனும் பேத்தியும் சேர்ந்தால் 12.5 சதவீதம், முதல் தலைமுறை ஒன்றுவிட்ட உறவு என்றால் 6.25 சதவீதம். பிறக்கும் குட்டியில் ஒரு மரபணுவின் இரண்டு பிரதியும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு அது. நல்லது இரட்டிப்பாவது போலவே ஒளிந்திருக்கும் குறையும் இரட்டிப்பாகும்.

சீட்டில் பத்தாவது தலைமுறைக்குப் போனால் 1,024 கட்டங்கள் இருக்கும். அத்தனைக்கும் தனித்தனி நாய்கள் இருக்காது. புகழ்பெற்ற கடுவன் ஒன்றின் பெயரே பல கட்டங்களில் திரும்பத் திரும்ப வரும். இங்கே ஒரு விசித்திரம் உண்டு. தேசியப் போட்டியில் மூன்று முறை ஜெயித்த முதல் நாய் ஒரு பெட்டை, மேரி மான்ட்ரோஸ். 1917, 1919, 1920. அடுத்து மூன்று முறை ஜெயித்த பெக்கி ப்ரூம் ஹில்லும் பெட்டைதான், 1922, 1923, 1925. ஆனால் பெட்டை எத்தனை ஈத்து ஈன முடியும்? வாழ்நாளில் சில பத்துக் குட்டிகள். சாம்பியன் கடுவனுக்கோ நூற்றுக்கணக்கில். இன்று உறைய வைத்த விந்து இருப்பதால், செத்த பிறகும் அப்பனாகிறது. ஓட்டத்தில் பெட்டை முந்தினாலும் சீட்டில் கடுவன்களே நிறைகின்றன.

மத்தியானம் அந்தப் பெரியவரோடு மறுபடி உட்கார்ந்தோம். காலை ஜோடியில் ஒன்றை நாற்பது நிமிடத்திலேயே பிடித்து வண்டியில் ஏற்றிவிட்டார்கள் என்ற செய்தி வந்தது. காடையைக் கண்டதும் நிற்காமல் துரத்திவிட்டதாம். எந்த நாய் என்று கேட்டேன். எங்களுக்குச் சீட்டுக் காட்டினாரே, அதே நாய்.

"அத்தனை சாம்பியன் பேர் இருந்துச்சே!" என்றான் என் மருமகன்.

பெரியவர் சிரித்தார். சீட்டில் நேராக மேலே போகும் பெயர்கள்தான் இருக்கின்றன, பக்கவாட்டில் யாரும் இல்லை என்றார். ஒரு சாம்பியனோடு சேர்த்து ஒரே ஈத்தில் எட்டுக் குட்டிகள் பிறந்திருக்கலாம். மற்ற ஏழும் வெடிச் சத்தத்துக்கு மிரண்டவையாக, இடுப்பெலும்பு சரியில்லாதவையாக, மூக்கே வேலை செய்யாதவையாக இருந்திருக்கலாம். இன்னொரு நாய் சாம்பியனே இல்லை, ஆனால் கூடப்பிறந்த எட்டும் நன்றாக ஓடியிருக்கும். தாளில் முதல் நாய்தான் மின்னும். இரண்டாவது நாயின் குட்டியைத்தான் தான் வாங்குவேன் என்றார். ஒவ்வொரு ஈத்துக்கும் அவர் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். பிறந்த எல்லாக் குட்டிகளின் கதையும் அதில் இருக்கும். எது யாரிடம் போனது, எது மிரண்டது, எது வீட்டில் படுத்துக் கிடக்கிறது என்பதுவரை எழுதுவாராம். கால்நடை வளர்ப்பு விஞ்ஞானிகள் உடன்பிறப்புகளையும் சந்ததியையும் வைத்து ஒரு மாட்டின் தரத்தைக் கணிப்பது இதே கணக்கில்தான்.

2022இல் சயன்ஸ் இதழில் வந்த ஒரு பெரிய ஆய்வு நினைவுக்கு வந்தது. பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட வளர்ப்பு நாய்களின் உரிமையாளர்களிடம் விசாரித்து, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுவையும் படித்தார்கள். நாய்க்கு நாய் குணம் வேறுபடுவதில் இனம் விளக்குவது சுமார் 9 சதவீதம்தான் என்று கண்டார்கள். அவை பெரும்பாலும் வீட்டு நாய்கள். களப்போட்டி நாய்களைத் தலைமுறை தலைமுறையாகச் சோதித்தே வளர்க்கிறார்கள். எட்டு வாரக் குட்டிகூடக் கயிற்றில் கட்டிய இறகைப் பார்த்தால் உறைந்து நிற்கும். அது ரத்தத்தில் வருவதுதான். ஆனாலும் கூட்டத்துக்குப் பொருந்துவது இந்த ஒரு குட்டிக்குப் பொருந்தும் என்று எந்தத் தாளும் உத்தரவாதம் தர முடியாது.

சோதனைக்கும் ஒரு எல்லை இருக்கிறது. நாயிடம் என்ன கேட்கிறோமோ அதைத்தான் அது வளர்த்துக் கொடுக்கும். குதிரைமேல் பின்தொடரும் மனிதர்கள் தூரத்தைக் கேட்டார்கள், வேகத்தைக் கேட்டார்கள். அரை மைல் முன்னால் போய் வேட்டையாடும் நாய்கள் வந்தன. துப்பாக்கியோடு நடந்து போகும் சாதாரண வேட்டைக்காரனுக்கு அப்படிப்பட்ட நாய் உதவாது. இந்தப் போட்டியின் சரித்திரமும் அதைச் சொல்கிறது. 1896இல் மிஸிஸிப்பியின் வெஸ்ட் பாயின்டில் நடந்த முதல் தேசியப் போட்டியில் ஜெயித்தது கவுன்ட் கிளாட்ஸ்டோன் என்ற செட்டர். 1909இல் மனிடோபா ராப் என்ற பாயின்டர் முதன்முதலாக ஜெயித்தது. குட்டை முடி, சூட்டைத் தாங்கும் உடம்பு, சீக்கிரம் பழகும் சுபாவம். பயிற்சியாளர்கள் பாயின்டர் பக்கம் சாய்ந்தார்கள். 1970இல் ஜானி கிராக்கெட் ஜெயித்த பிறகு நாற்பது வருடத்துக்கு மேல் ஒரு செட்டரும் ஜெயிக்கவில்லை. 2013இல் ஷேடோ ஓக் போ வந்து ஜெயித்து, 2014இலும் ஜெயித்தது. அந்த நாளைப் பற்றிச் சொல்லும்போது எங்கள் பெரியவரின் குரல் கொஞ்சம் உயர்ந்தது. செட்டர்க்காரர் அல்லவா.

தோட்டத்தின் நடுவில் 1847இல் கட்டிய மாளிகை இருக்கிறது. கட்டியவர் ஜான் ஜோன்ஸ் என்ற பருத்தித் தோட்டக்காரர். மாசசூசெட்ஸில் மண்வெட்டி செய்து பணக்காரரான குடும்பத்தைச் சேர்ந்த ஹோபர்ட் ஏம்ஸ் 1901இல் இந்த நிலத்தை வாங்கினார். 1945இல் சாகும்வரை களப்போட்டிச் சங்கத்தின் தலைவராக இருந்தார். சாம்பியன் நாய்க்கு என்ன இருக்க வேண்டும் என்று அவர் வகுத்த அளவுகோலைத்தான் நடுவர்கள் இன்றும் கையாள்கிறார்கள். அவர் மனைவி ஜூலியா விட்டுச்சென்ற அறக்கட்டளை நிலத்தை டென்னசிப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிக்குத் தந்தது. காடைகளைப் பற்றியும் ஆராய்ந்தார்கள். தேவையான ஆராய்ச்சிதான். பாப்வைட் என்று தன் பெயரைத் தானே கூவும் இந்தக் காடை அமெரிக்காவில் 1960களில் இருந்ததில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. புதர்களும் வரப்போரத்துக் களைகளும் அழிந்ததே முக்கியக் காரணம். காடை இல்லாவிட்டால் நாயின் மூக்கைச் சோதிக்க வழி ஏது?

இதே நிலத்தில் வேறு ஒரு கணக்கும் கிடக்கிறது. பருத்தி விளைவித்தவர்கள் அடிமைகள். அவர்கள் குடியிருந்த இடங்களைத் தொல்லியல் மாணவர்கள் தோண்டி எடுத்திருக்கிறார்கள். பெயர் பொறிக்காத கல்லறைகள் மரங்களுக்கு அடியில் இருக்கின்றன. 1850, 1860 ஆகிய இரண்டு மக்கள்தொகைக் கணக்கிலும் அடிமைகளுக்குத் தனிப் பட்டியல் போட்டார்கள். சொந்தக்காரரின் பெயரை எழுதி, அதன் கீழ் வயது, ஆணா பெண்ணா, நிறம். அடிமையின் பெயர் பெரும்பாலும் கிடையாது. விடுதலைக்குப் பிறகு 1870 கணக்கில்தான் அவர்கள் பெயரோடு வருகிறார்கள். இன்று தங்கள் மூதாதையைத் தேடும் கறுப்பினக் குடும்பங்கள் பலவும் அந்த வருடத்தில் வந்து முட்டி நிற்கின்றன. நாய்களின் வம்சப் பதிவேடு தொடங்கியது அதற்கு நாலே வருடம் கழித்து. அன்று முதல் ஒரு செட்டரின் முப்பாட்டி பெயர்கூடத் தவறாமல் எழுதப்பட்டிருக்கிறது. யாரை எழுதுவது, யாரை விடுவது என்பதை எழுதுகிறவன்தான் முடிவு செய்கிறான். அவன் விலை வைத்ததற்குத்தான் சீட்டு உண்டு.

திரும்பி வரும் வழியில் மருமகன் கேட்டான்: "நம்ம ஊர் நாய்ங்களுக்கு இப்படிச் சீட்டு உண்டா மாமா?"

ராஜபாளையமும் கன்னியும் சிப்பிப்பாறையும் முயல் விரட்டவும் பன்றி மடக்கவும் வளர்ந்த நாய்கள். தாளில்லாமல், நல்ல பெட்டை எந்த வீட்டில் இருக்கிறது என்ற பேச்சிலேயே வம்சம் காப்பாற்றப்பட்டது. 1972ஆம் வருடத்து வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு அந்த வேட்டை போயிற்று. வேட்டை போனது நல்லதே. ஆனால் சோதனையும் கூடவே போய்விட்டது. 2005இல் அஞ்சல்தலை ஏறியது ராஜபாளையம். குட்டி வாங்க வருகிறவர்கள் அப்பழுக்கில்லாத வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும் கேட்கிறார்கள். கேட்டதைத்தான் நாய் கொடுக்கிறது. அந்த வெள்ளை நிறத்தோடு சேர்ந்தே செவிட்டுக் குட்டிகளும் பிறக்கின்றன. நிறமிச் செல்கள் இல்லாத உள்காதில் கேட்கும் செல்கள் பிழைப்பதில்லை.

ராஜபாளையத்தில் குட்டி எடுக்கப் போகிற யாருக்கும் அந்தக் கென்டக்கிக்காரரின் நோட்டு உதவும். அப்பன் எந்தக் கண்காட்சியில் கோப்பை வாங்கியது என்பதைச் சொல்ல விற்பவருக்கு உற்சாகம் இருக்கும். அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு இந்த ஈத்தில் எத்தனை பிறந்தன, மற்றவை எங்கே, போன ஈத்துக் குட்டிகள் எப்படி இருக்கின்றன, ஏதாவது செவிடு உண்டா என்று கேளுங்கள். பதில் சொல்ல அவர் உங்களை நாலு வீட்டுக்குக் கூட்டிப்போனால் அங்கே குட்டி எடுக்கலாம். மறுபடியும் கோப்பையையே காட்டினால், நன்றி சொல்லிவிட்டு வேறு வீடு பார்க்கலாம்.